எவர் துணையும் இன்றி

மேஜர் தேநீர் டம்ளரைக் கையில் வாங்கியதும் முதலில் உள்ளே எட்டிப் பார்ப்பார். பிறகு மனைவியைப் பார்ப்பார். பிறகு, "மீதி எங்கே?" என்பார். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. எட்டு வருஷமாக இந்த மூன்றும் இதே வரிசையில்தான் நடந்துவந்தன.

"அடுப்புல சூடா இருக்கு. இதைக் குடிங்க, தரேன்."

"அரை டம்ளர் டீ குடுத்தே குடும்பத்தைத் தூக்கி நிறுத்திடலாம்னு பாக்குற."

மேஜரம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். முழு டம்ளர் கொடுத்தால் அவர் கை நடுக்கத்தில் பாதி சட்டைக்கும் தரைக்கும் போய்விடும். அதை அவரிடம் சொல்வதைவிடக் கஞ்சப் பிசினாறி என்று பெயர் வாங்குவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

மேஜர் என்பது பட்டாளம் கொடுத்த பதவி இல்லை. பட்டாளத்தில் அவர் லாரி ஓட்டினார். இருபத்திரண்டு வருஷம் மலைப்பாதையில் மாவு மூட்டையும் மண்ணெண்ணெய்ப் பீப்பாயும் ஏற்றிக்கொண்டு மேலே போவதும், காலி வண்டியோடு கீழே வருவதுமாக இருந்தார். ஒரு முறை பனியில் வண்டி வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியபோது இடது தோள் மூன்று மணி நேரம் கதவுக்கு அடியில் மாட்டிக் கிடந்தது. அதைக் கேட்டால், "லாரிக்குத்தான் ரொம்ப அடி" என்பார். ஓய்வு பெற்று வந்த புதிதில், தெருமுனையில் இரண்டு வண்டிகள் முட்டிக்கொண்டு நின்று வழியை அடைத்தன. இவர் பனியனோடு இறங்கிப் போய், விசில் இல்லாமலே விசிலடித்து, பத்து நிமிஷத்தில் தெருவைத் திறந்துவிட்டார். சலூன்காரர் கத்தரிக்கோலும் கையுமாக வாசலில் நின்று, "சபாஷ் மேஜர்!" என்றார். தெரு அதைப் பிடித்துக்கொண்டது. இருபத்திரண்டு வருஷத்தில் பட்டாளம் கொடுக்காத பதவி உயர்வைத் தெரு ஒரே நாளில் கொடுத்துவிட்டது. அவரும் மறுக்கவில்லை. அதே உத்தரவில் அவர் மனைவியும் மேஜரம்மா ஆகிவிட்டாள்.

அவள் தனியாக எந்தப் போரும் செய்யாதவள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஆயத்த ஆடைக் கம்பெனியில் பொத்தான் தைக்கும் வரிசையில் முப்பது வருஷம் உட்கார்ந்தாள். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். ஆனால் கண் மட்டும் எதையும் விடாது. வரிசையில் ஓடும் நூறு சட்டையில் ஒரு பொத்தான் ஓர் இழை குறைவாக இருந்தாலும் எடுத்துத் தனியே வைத்துவிடுவாள்.

அதனால் மேஜரின் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்ததை அவருக்கு முன்னால் கண்டுபிடித்தவள் அவள்தான். ஒரு நாள் காலையில் அவர் கழுத்துப் பொத்தானோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, "இந்தச் சட்டைய தச்சவனுக்குத் தொழில் தெரியல" என்று கழற்றி எறிந்தார். அந்தப் பொத்தானைத் தைத்தவள் பக்கத்தில்தான் நின்றாள். அன்று சாயங்காலம் துணி மடிக்கும்போது, மேல் இரண்டை விட்டுவிட்டு மீதிப் பொத்தான்களை எல்லாம் போட்டே நாற்காலி முதுகில் மாட்டிவைத்தாள். மறுநாள் அவர் தலையை நுழைத்தார், கையை நுழைத்தார், வேலை முடிந்தது. "அப்படியே வந்தேன், காலர் மடங்கியிருக்கு" என்று சொல்லி அவள் மேல் இரண்டையும் போட்டுவிட்டாள்.

இந்த "அப்படியே வந்தேன்" அப்புறம் வீடு முழுக்கப் பரவியது. அவர் கால்சட்டையின் இடுப்புக்குள் எலாஸ்டிக் போனது. மேலே பெல்ட் அழகுக்கு இருந்தது. பாலிஷ் போட்ட ஷூவின் கயிறு கட்டினபடியே இருக்கும். ஷூவின் நாக்குக்கு அடியில் ஓர் எலாஸ்டிக் பட்டையைத் தைத்திருந்ததால் காலை விட்டால் போதும். சாப்பாடு தட்டுக்கு வரும்போதே வாய்க்கு ஏற்ற துண்டாக வந்தது. மாத்திரை உறையிலிருந்து தானாக வெளியே வந்து கிண்ணத்தில் கிடந்தது. குளியலறையில் வாளியை வைக்க என்று ஒரு ஸ்டூல் வந்தது; வாளி தரையிலேயே இருந்தது, மேஜர் ஸ்டூலில் இருந்தார். குளித்து முடித்ததும் கதவிடுக்கு வழியாகத் துண்டு நீளும். துண்டை வாங்குகிற சாக்கில் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்பார். படுக்கை அறையிலிருந்து வாசல் வரை ஒரு கை தூரத்துக்கு ஒன்றாக ஐந்து நாற்காலிகள். மேஜர் ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே நடப்பார்; அதற்கு அவர் வைத்த பெயர் ரோந்து. "வீடா இது, கல்யாண மண்டபமா? எங்க பாத்தாலும் நாற்காலி" என்று அவளைத் திட்டிக்கொண்டே அடுத்த நாற்காலியைப் பிடிப்பார்.

இப்படி, எழுபத்து நாலு வயதில் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் மனிதர் என்று மேஜர் தன்னைப் பற்றி மனதார நம்பினார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கெட்டுப்போனது மேஜரம்மாவின் வலது தோள். முப்பது வருஷப் பொத்தான், எட்டு வருஷத் துண்டு. உள்ளே நார் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்து மூன்று மாதம் கையை அசைக்காமல் வைத்திருந்தால் பிழைக்கும், தள்ளிப்போட்டால் இந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்குவதை மறந்துவிடலாம் என்றார் டாக்டர். தேதியும் கொடுத்தார். அவள் வீட்டுக்கு வந்து சுளுக்கு என்று சொல்லிவிட்டு, தேதியைத் தள்ளிப்போட்டாள். மூன்று மாதம் அவரை யார் எழுப்பி நிறுத்துவது?

வழி கண்டுபிடித்தவள் மகள். அவள் வேறு ஊரில் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தாள். பத்து நாளுக்கு மேல் லீவு கிடையாது.

"அம்மா, பழைய பட்டாளக்காரங்களுக்குப் பென்ஷனோட உதவியாளர் படின்னு ஒண்ணு இருக்கு. குளிக்கிறது, உடுத்துறது, சாப்பிடுறது, நடக்கிறது, கழிப்பறை போறது, இந்த அஞ்சுல ரெண்டுக்காவது இன்னொருத்தர் கை வேணும்னா குடுப்பாங்க. அதை வச்சுக் காலையில ஒரு ஆள் போட்டுக்கலாம்."

"அவருகிட்ட யாரு சொல்றது?"

"சொல்ல வேணாம். நான் கையெழுத்து வாங்கிடுறேன்."

அங்கேதான் மகள் ஒரு தப்புச் செய்தாள். அப்பாவுக்கு மனசு நோகக் கூடாதே என்று, "பழைய ஆளுங்க எல்லாரையும் நேர்ல வந்து பாத்து சரிபாக்குறாங்களாம்பா" என்று சொல்லிவிட்டாள். மேஜர் மடமடவென்று கையெழுத்துப் போட்டார். நேரில் பார்க்க வருகிறார்கள் என்றால் பட்டாளத்தில் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். மறுபடி கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள்!

வந்தவர் வழுக்கை விழ ஆரம்பித்திருந்த ஓர் அதிகாரி. மேஜர் அவருக்கு விறைப்பாக சல்யூட் வைத்தார்.

"குளிக்கிறதுக்கு யாராவது உதவி பண்றாங்களா ஐயா?"

"எதுக்கு? நான் என்ன சின்னக் குழந்தையா?"

"சட்டை போட்டுக்கிறது?"

"நீங்க பாக்குறது யாரு போட்ட சட்டை? நான் போட்டது."

"கொஞ்சம் நடந்து காட்டுங்க."

மேஜர் ஐந்து நாற்காலியையும் தொட்டு வாசல் வரை போய், திரும்பி, ஐந்தையும் தொட்டு வந்து நின்றார். மூச்சு வாங்கியதை மூக்கால் மறைத்துக்கொண்டார்.

அதிகாரி சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்றார். மேஜரம்மா கதவுக்குப் பின்னால் பாதி முகமாக நின்றாள். சொல்ல நூறு இருந்தது. தலை மட்டும் இல்லை என்று ஆடியது.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் தமது அன்றாட வேலைகள் அனைத்தையும் எவர் துணையும் இன்றித் தாமே செய்துகொள்கிறார். ஆகவே படி வழங்க இயலாது. மேஜர் முதல் பாதியைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டார். இரண்டாம் பாதிக்கு வரவே இல்லை.

"பாத்தியா? அரசாங்கமே சொல்லிடுச்சு, முத்திரையோட."

கடிதத்தைக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிக்கச் சொன்னார். கூடத்தில், அவர் லாரி பக்கத்தில் நிற்கும் படத்துக்குக் கீழே அது ஏறியது. சலூன்காரரை வரவழைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். சலூன்காரர் முதல் பாதியை உரக்கப் படித்து, மீதியை மனசுக்குள் படித்துவிட்டு, மேஜரம்மாவைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

மகள் போனில் தலையில் அடித்துக்கொண்டது கேட்டது. மேல்முறையீடு எழுதி அம்மாவுக்குத் தபாலில் அனுப்பினாள். அதை நேரில் கொடுக்கப் போகிற வேலை மேஜரம்மாவுக்கு. ஆபரேஷன் தேதியை அவள் இரண்டாம் முறையும் தள்ளிப்போட்டுவிட்டிருந்தாள். இனி ஒரு தேதிதான், அதையும் விட்டால் வர வேண்டாம் என்று டாக்டர் கோபமாகச் சொல்லியிருந்தார்.

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே ஒரு குமாஸ்தா இருந்தார். பழைய கடிதத்தைப் படித்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு நல்ல உடம்பு போல."

"இல்லீங்க."

"பின்ன சட்டையெல்லாம் அவரே போட்டுக்கிறார்னு இருக்கே. பொத்தான் யாரு போடுறா?"

"அது... முந்தின நாளே போட்டிருக்கும்."

"தானாவா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"ஷூ கயிறு?"

"அது கட்டவே வேணாம்."

"அதுவும் தானா!" குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லல. சொன்னா என் வேலை போயிடும். உண்மைய மறைக்காதீங்கன்னு மட்டும் சொல்றேன். உங்க வீட்ல அதை மறைக்கிறது யாருன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் யோசித்தாள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போனபிறகு பிடிபட்டது. திருடி அவள்தான்.

இரண்டாவது முறை ஆள் வருகிற நாள் காலை. மேஜரம்மா எதுவும் செய்யவில்லை. அதுதான் அவள் செய்த சதி. துண்டை மட்டும் வழக்கம்போல நீட்டினாள். நாற்காலிகளிலும் கை வைக்கவில்லை. விழுந்தால் தூக்க அவளிடம் இருந்தது ஒரே கை. மற்றபடி சட்டை எல்லாப் பொத்தானும் திறந்து நாற்காலியில் தொங்கியது. ஷூவில் தைத்திருந்த பட்டையைப் பிரித்துவிட்டு, கயிற்றையும் அவிழ்த்து வைத்திருந்தாள்.

படுக்கை அறையிலிருந்து குரல் வந்தது.

"ஏய், இந்தச் சட்டைக்கு என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு?"

"தொறந்து கெடக்கு!"

"சட்டைன்னா தொறந்துதானே இருக்கும்."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு துணி உரசுகிற சத்தம், மூச்சு, ஒரு கெட்ட வார்த்தை. அவள் அடுப்படியில் நின்று தன் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். விட்டால் அது ஓடிப்போய்ப் பொத்தானைப் போட்டுவிட்டு வந்துவிடும்.

இந்த முறை வந்தது ஒரு நர்ஸ். தலை நரைத்தவர், கனமான பை. உள்ளே வந்ததும் கூடத்தில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைப் படித்தார். அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. "எங்க ஆபீஸ் கடுதாசிக்குச் சட்டம் அடிச்ச வீடு இதுதான் முதல்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நாலாவது நாற்காலியை இழுத்து ஜன்னல் ஓரம் போட்டு உட்கார்ந்தார்.

மேஜரம்மா அந்த நாற்காலியைப் பார்த்தாள். அது அவள் திட்டத்தில் இல்லை.

மேஜர் வெளியே வந்தார். கீழ்ப் பொத்தான் ஒன்று மூன்றாவது துளையில் ஏறி, சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. ஷூ ஒரு காலில்தான் இருந்தது. ஆனாலும் சல்யூட் சரியாக இருந்தது.

"எல்லா வேலையும் நானே பாத்துக்குவேன், சிஸ்டர். அங்கேயே எழுதியிருக்கு."

"படிச்சேன். வாங்க, இப்படி வந்து உக்காருங்க."

மேஜர் ரோந்து புறப்பட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதற்கு நீட்டிய கை காற்றைப் பிடித்தது. பாலம் உடைந்த பாதையில் வந்து நின்ற லாரிபோல அப்படியே நின்றார். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. மேஜரம்மாவின் கால்கள் அவளைக் கேட்காமலே ஓடின.

"அம்மா, நீங்க எங்க போறீங்க?" என்றார் நர்ஸ்.

"சும்மா... அப்படியே வந்தேன்."

மேஜர் அவள் கையைப் பிடித்தார், எப்போதும் பிடிப்பதுபோல, முழு எடையோடு, வலது கையை.

"ஐயோ, அம்மா!" என்று அவள் அலறினாள்.

இத்தனை வருஷத்தில் அவள் கத்தி அவர் கேட்டதில்லை. அவர் கையை விட்டார், ஆடினார், நர்ஸ் எட்டிப் பிடித்து உட்காரவைத்தார். மேஜரின் முகம் சிவந்திருந்தது.

"சுளுக்குன்னு சொன்ன! சுளுக்கு இப்படியா கத்த வைக்கும்?"

"உள்ள நார் கிழிஞ்சிருக்காம். ஆபரேஷன் பண்ணணுமாம்."

"எப்ப?"

"ரெண்டு தேதி போயிடுச்சு. அடுத்த மாசம் ஒண்ணு இருக்கு. அதையும் விட்டா கை அவ்வளவுதானாம்."

"ஏன் போகல?"

அவள் அவர் சட்டையைப் பார்த்தாள். மேஜரும் குனிந்து அதைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. பட்டாளத்தில் விசாரணை வைக்கிற குரல்.

"நேத்து இந்தச் சட்டைக்குப் பொத்தான் போட்டது யாரு?"

"நான்."

"முந்தாநேத்து?"

"நான்தான்."

"எப்பலேருந்து?"

"எட்டு வருஷமா."

"ஷூ?"

"நாக்குக்கு அடியில பட்டை தச்சிருந்தேன். கயிறு சும்மா."

"இந்தப் பெல்ட்டு?"

"உள்ள எலாஸ்டிக்கு."

"பெல்ட்டும் சும்மாவா!" மேஜர் நர்ஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், நியாயத்தைக் கேட்பதுபோல. நர்ஸ் பார்க்கவில்லை. பேனா ஓடிக்கொண்டிருந்தது. "இந்த நாற்காலி எல்லாம்?"

"நீங்க புடிச்சிட்டு நடக்க."

"குளிக்கும்போது வாளிக்குன்னு போட்ட ஸ்டூலு?"

"வாளி என்னைக்குங்க அதுல இருந்திச்சு?"

நர்ஸ் இருமினார். அது இருமல்தானா என்று மேஜரம்மாவுக்குச் சந்தேகமாக இருந்தது. மேஜர் ஒன்றையும் விடவில்லை. தட்டில் துண்டு, கிண்ணத்தில் மாத்திரை, துண்டை நீட்டும் கை, எல்லாவற்றையும் கிளறிக் கிளறிக் கேட்டார். அவளும் தரையைப் பார்த்தபடி ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டாள். குற்றவாளியை மடக்குவதாக அவர் நினைத்தார். நர்ஸின் படிவத்தில் ஐந்து கட்டங்களில் நாலு நிரம்பிவிட்டதை அவர் கவனிக்கவே இல்லை.

கடைசியில் கேள்வி தீர்ந்துபோனது.

"சரி, ஐயா," என்றார் நர்ஸ். "உங்களுக்குத் துணைக்கு ஆள் வேணும்னு எழுதட்டுமா? உங்க வாயால சொல்லணும்."

மேஜரம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். முடியாது என்ற சொல்லை அந்த மனிதர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. லாரிக்கு அடியில் கிடந்தபோதும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

மேஜர் தொண்டையைச் செருமினார்.

"எழுதுங்க. இந்த வீட்ல எட்டு வருஷமா ஒரு ஆள் லீவு எடுக்காம டியூட்டி பாத்திருக்கு. மேலதிகாரிக்குத் தகவல் குடுக்காம. அது தப்பு. அதுக்குத் தண்டனையா அந்த ஆளுக்கு மூணு மாசம் மெடிக்கல் லீவு. அதுவரைக்கும் மாத்து ஆள் வேணும்."

"படிவத்துல அப்படி எழுத இடமில்லையே ஐயா."

"ஓரத்துல எழுதுங்க."

நர்ஸ் ஓரத்தில் எழுதினார். கட்டத்தில் வேறு என்னவோ ஒரு டிக் போட்டார். படிவத்தைத் திருப்பிக் காட்டியதும் மேஜர் மூக்குக் கண்ணாடி இல்லாமலே படித்ததுபோல் பாவனை செய்து, கோணல்மாணலாகக் கையெழுத்திட்டார். பிறகு மனைவியைப் பார்த்து மார்பை நிமிர்த்தினார்.

"ம். பொத்தான்."

அவள் இடது கையால் எல்லாவற்றையும் கழற்றி, முதலிலிருந்து சரியாகப் போட்டுவிட்டாள். கொஞ்சம் நேரம் பிடித்தது. அவர் அசையாமல் நின்றார்.

"இனிமே டூப்பு வேலை வேணாம்," என்றார் மெதுவாக. "பண்றதா இருந்தா எனக்குத் தெரிஞ்சு பண்ணு."

உதவியாளர் படி இப்போது மாதாமாதம் பென்ஷனோடு வருகிறது. ஆபரேஷன் குறித்த தேதியில் நடந்தது. அந்தப் பத்து நாளும் மகள் லீவில் வந்திருந்தாள். மூன்று மாதம் என்று வந்த மாற்று ஆள் ஒன்றரை வருஷமாக வந்துகொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் வார்டு பாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மேஜரைவிட ஒரு சாண் உயரம், மேஜரைவிட வாய் அதிகம். இருவருக்கும் தினமும் சண்டை. தன்னைச் சார்ஜெண்ட் என்று கூப்பிட்டால்தான் சட்டை போட்டுவிடுவேன் என்கிறார் அவர். மேஜர் இதுவரை அதற்கு ஒரு படி கீழான கார்ப்பரல் வரைக்கும்தான் இறங்கிவந்திருக்கிறார். மேஜரம்மாவின் வலது கை காது வரை போகிறது, அதற்கு மேல் போகவில்லை. காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை அவள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள்.